திரும்பவா, திருப்பவா

சௌம்லாகி
3 ஆகஸ்ட் 2024

திருமதி வெனிங் பிரபந்தாரி அவர்களுக்கு,

நலம். சலத்திகாவில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இது அலுவல் தொடர்பான கடிதம். தொலைபேசியில் பேசலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். போன தடவை நாம் பேசியது நினைவுக்கு வந்தது, வைத்துவிட்டேன். எப்படியும் எனக்கு வேண்டியது காகிதம்தான்.

இந்தத் துறைமுகத்தின் சரக்குக் கணக்கைப் பார்க்கும் கணினி நிரல், நாம் இருவரும் சேர்ந்து உருவாக்கிய ரந்தாய் என்ற நிரல்மொழியில்தான் எழுதப்பட்டது. நான் வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புறப்படும். முதலில் லாமெரு, நடுவில் மூன்று தீவுகள், கடைசியில் நுஸ்வேலா. பிறகு போன வழியே வரும். நிரலில் இந்த ஐந்து தீவுகளும் ஒரு சங்கிலிப் பட்டியலாக இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கீழே சொல்லும் விசாரணைக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்: இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு தீவுக்கும் தனக்கு அடுத்தது எது என்று மட்டும் தெரியும். முந்தையது எது என்று தெரியாது.

சரக்கு ஏற்றும்போது கடைசித் தீவின் மூட்டைகள் முதலில் அடியில் போக வேண்டும். அதற்காகப் பட்டியலைக் கடைசியிலிருந்து அச்சடிக்க, மொழியோடு வரும் கட்டளைத் தொகுப்பான நூலகத்தில் உள்ள 'பாலிக்' கட்டளையைக் கூப்பிடுகிறேன். அது முடிந்த பிறகு, நிரலே இறக்கும் வரிசைப்படி மருந்துக் குளிர்பெட்டிகளுக்கு எண் போடும். லாமெருவுக்கு ஒன்று, நுஸ்வேலாவுக்கு ஐந்து. அரிசி மூட்டையில் தீவின் பெயர் இருக்கும், குளிர்பெட்டியில் எண் மட்டும்தான்.

ஜூலை பதினேழாம் தேதிப் பயணத்தில் எண்கள் தலைகீழாக விழுந்தன. நுஸ்வேலாவின் இன்சுலின் லாமெருவில் இறங்கியது. லாமெருவின் தடுப்பூசி நுஸ்வேலாவுக்குப் போனது. நடுத்தீவுக்கு மூன்று என்பது எப்படிப் பார்த்தாலும் மூன்றுதான் என்பதால், அங்கே சரியாகவே போய்ச் சேர்ந்தது. இரண்டுக்கும் நான்குக்கும் ஒரே மருந்து, லாமெருவில் பெட்டியைத் திறந்தது கப்பல் போன பிறகு, அதனால் வழியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நுஸ்வேலாவில் யோசினா என்ற பெண்மணி இன்சுலின் இல்லாமல் மயங்கி விழுந்து, மீன்பிடிப் படகில் இங்கே கொண்டுவரப்பட்டார். உயிர் இருக்கிறது. இடது காலில் இருந்த புண் முற்றி இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

பெட்டிகளை இறக்கியது ஓனா அம்மா. சரக்கு எழுத்தராக இருபத்திரண்டு ஆண்டுகள். எண்ணைப் பார்க்காமல் இறக்கினார் என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி விசாரணை. அவர் எண்ணைப் பார்த்துத்தான் இறக்கினார். எண்தான் தவறு.

அந்த வாரம் நூலகத்தின் மூன்றாம் பதிப்பு ஏறியிருந்தது. அதில் பாலிக் முன்பு போல நடந்துகொள்ளவில்லை என்று தெரிகிறது. ஆகவே அது மாற்றப்பட்டது என்று ஒரு வாக்குமூலம் தேவை. பத்தாயிரம் ரூபியா முத்திரை வில்லை ஒட்டி, கையெழுத்தில் பாதி வில்லையின் மேல் ஏறியிருக்க வேண்டும். இங்கே மின்னஞ்சலை ஒருவரும் மதிப்பதில்லை.

இப்படிக்கு,
தோகார் சியாஹான்


சலத்திகா
12 ஆகஸ்ட் 2024

பாங் தோகார்,

'திருமதி வெனிங் பிரபந்தாரி அவர்களுக்கு' என்று பார்த்ததும், மின்கட்டணம் கட்ட மறந்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். பதினோரு வருஷம் ஒரே சட்டியில் சோறு தின்ற மனுஷன், இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிற முதல் கடிதத்தில் என்னை 'நீங்கள்' என்கிறார். பரவாயில்லை, எனக்கு நீங்கள் எப்போதும் போல 'பாங்'தான். எனக்கு இப்போது கோபப்படக்கூடத் தெம்பில்லை.

யோசினாவைப் பற்றிப் படித்ததும் கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். அது ஆறி, மேலே ஆடை படியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆமாம், பாலிக்கை மாற்றினேன். முன்பு அது பட்டியலைப் பின்னாலிருந்து காட்டும், காட்டி முடித்ததும் பழையபடி ஆக்கிவிடும். இப்போது பட்டியலையே திருப்பிப் போடுகிறது, போட்டது போட்டபடி இருக்கும். ஏன் மாற்றினேன்? பாடம் நடத்துவது நான். உங்களுடைய பாலிக்கை வகுப்பில் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எண்ணெயில தெம்பேத் துண்டத் திருப்பிப் போடுறேன், அது தானாவே பழைய பக்கம் படுத்துக்குது. இதுக்குப் பேரு திருப்புறதா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் பாலிக் என்றால் வாணலியில் இருப்பதைத் திருப்பிப் போடுவதுதான். அவள் கேட்டதில் என்ன தவறு?

மாற்றியதை ஒளித்தும் வைக்கவில்லை. மூன்றாம் பதிப்பின் குறிப்பில் நான்காவது வரி. படித்தீர்களா?

இன்னொன்று. 'அந்த வாரம் மூன்றாம் பதிப்பு ஏறியிருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். பூனை மரத்தில் ஏறுவது மாதிரி தானாக ஏறிக்கொண்டதா?

செப்டம்பர் பதினைந்து வாக்கில் மாகாணக் கல்விக் குழு ரந்தாயைத் தொழிற்பள்ளிகளில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. நூற்று நாற்பது பள்ளிகள். இரண்டு வருஷமாக ஒருத்தியாகவே அலைந்திருக்கிறேன். ஒவ்வொரு அலுவலகத்திலும், "உங்க கணவர்தானே மேடம் இதை எழுதினது, அவர் வரலையா?" என்று கேட்பார்கள். வருவார் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த நேரத்தில் என் நூலகத்தால் ஒரு பெண்ணின் கால் விரல் போனது என்று முத்திரை வில்லை ஒட்டி நானே எழுதித் தர வேண்டும்.

என்னால் இப்போது முடியாது. முடியவே முடியாது என்று சொல்லவில்லை, இப்போது முடியாது.

வெனிங்


சௌம்லாகி
20 ஆகஸ்ட் 2024

நிங்,

சரி, 'நீங்கள்' வேண்டாம். எழுதும்போதே எனக்கும் நாக்கில் மணல் பட்ட மாதிரிதான் இருந்தது.

தெம்பே கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்த பிறகு கோபம் வந்தது. மேதானில் என் அம்மா வாசலில் நின்று "பாலிக், தோகார்!" என்று கூப்பிடுவாள். வீட்டுக்குத் திரும்பி வா என்று அர்த்தம். என்னைத் தலைகீழாக நிறுத்துங்கள் என்று ஊராரிடம் சொல்கிறாள் என்று யாரும் நினைத்ததில்லை. அந்தச் சொல்லைத்தான் நூலகத்தில் வைத்தேன். பட்டியலின் கடைசிவரை போ, பிறகு திரும்பி வா. அவ்வளவுதான்.

முந்தையது தெரியாத சங்கிலியில் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். போகும்போதே ஒவ்வொரு கண்ணியின் முகத்தையும் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். அப்போதுதான் வர வழி இருக்கும். அடுத்தது எது என்று கையில் பிடித்துக்கொள்ளாமல் ஒரு கண்ணியைத் திருப்பிவிட்டால், மிச்சச் சங்கிலி மொத்தமும் கைவிட்டுப் போய்விடும். வரும்போது ஒவ்வொன்றையும் மறுபடி பழைய பக்கம் திருப்பிவிட்டு வர வேண்டும். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது மாதிரி. அந்த இரண்டாம் பாதியை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. நீதான் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினாய். அந்தப் பாதியைத்தான் வெட்டியிருக்கிறாய். போய்விட்டு வா என்பதில் வா போய்விட்டது.

நேற்று ஓனா அம்மா வீட்டுக்குப் போனேன். சுட்ட மீனும் மரவள்ளிக்கிழங்கு எம்பால் ரொட்டியும் வைத்தார். ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தேன். கணவர் இல்லை, இரண்டு பெண்கள் அம்போனில் படிக்கிறார்கள், அவர் சம்பளத்தில்தான் அந்த வீடு நிற்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது வேறு.

"தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நம்பர் தெரியும். ஒண்ணுன்னு போட்டிருந்தா மொதத் தீவுல எறக்குவேன். இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தான். பாக்காம எறக்கிட்டேன்னு சொல்றாங்களே, அதுதான் தாங்கல. பாத்துத்தான் எறக்குனேன்."

பிறகு, அன்றைக்கு இயந்திரத்தில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அது கண்ணெதிரே நடக்கிறது. பள்ளிகள் அடுத்த வருஷமும் இருக்கும். ஓனா அம்மாவுக்குப் பத்தொன்பதாம் தேதி ஒன்றுதான். அந்தக் காகிதத்தை அனுப்பு.

தோகார்


சலத்திகா
29 ஆகஸ்ட் 2024

பாங்,

மழை வரும் போலிருக்கிறது என்றீர்களா? மழையே இல்லாத ஆகஸ்டிலா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நீங்கள், எழுத்திலும் அதையேதான் செய்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய திருத்தக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பாலிக்கை நான் வெட்டியது இந்த வருஷம் இல்லை. 2022 ஜூன் பதினான்கு. வெளியிட்டதுதான் இந்த ஜூனில். அந்தத் தேதியை இரண்டு தடவை பார்த்தேன். நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போன நாள்.

உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நீங்கள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தீர்கள். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு எதையாவது பேசி நிறுத்தலாம் என்று, "பாலிக்கோட ரெண்டாவது பாதிய எடுத்துடவா?" என்று கேட்டேன். சண்டை போடுவீர்கள், நிரலைப் பிடுங்கிக்கொண்டு உட்காருவீர்கள், பேருந்து போய்விடும் என்று நினைத்தேன். நீங்கள் தலை நிமிராமல், "உன் இஷ்டம்" என்றீர்கள்.

எனக்கு இந்த உலகத்தில் பிடிக்காத சொல் அதுதான். பதினோரு வருஷத்தில் சோறா நூடுல்ஸா என்பதிலிருந்து, குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதுவரை எல்லாவற்றுக்கும் 'உன் இஷ்டம்'. நீங்கள் போன பிறகு கோபத்தில் அந்தப் பாதியை வெட்டினேன். மாணவி கேட்டது உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதற்குப் பிறகு. என் கோபத்துக்கு அவள் ஒரு சாக்காக வந்து சேர்ந்தாள்.

நேற்று ஐந்து தீவுகளின் பெயரையும் போட்டு ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவை நுஸ்வேலா மேலே வந்தது. இன்னொரு தடவை ஓட்டினால் லாமெரு மேலே. பட்டியலைப் பார்க்கப் பார்க்க அது புரண்டுகொண்டே இருக்கிறது. இதை நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இருந்தேன். அழுதேன், பாங். சொல்வதற்கு வெட்கமில்லை.

வாக்குமூலம் இதோடு இருக்கிறது. திருப்பியது நான், இரண்டு பொருள் உள்ள சொல்லுக்கு ஒற்றை வரியில் குறிப்பு எழுதியதும் நான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் வில்லை, என் கையெழுத்து. கீழே இன்னொரு இடம் விட்டிருக்கிறேன் பாருங்கள். 'மேற்படிப் பதிப்பைச் சோதிக்காமல் ஏற்றியவர்' என்று எழுதி, அங்கேயும் வில்லை ஒட்டியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் இல்லை. பெயர் எழுதவில்லை. அது நீங்கள்தான் என்று உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் செய்தது சரியான காரியம் என்றால் நான் செய்தேன் என்று எழுதுவீர்கள். செய்யக் கூடாததைச் செய்தால்தான் அது தானாக நடக்கும்.

என் கையெழுத்து மட்டும் போனால் என்ன சொல்வார்கள்? ஜாவாவில் யாரோ ஒரு டீச்சர் எதையோ எழுதியிருக்கிறாள், நம் துறைமுகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். அங்கே இருக்கிற ஒருவர் சொன்னால்தான் ஓனா அம்மாவுக்கு விடிவு.

வெனிங்


சௌம்லாகி
7 செப்டம்பர் 2024

நிங்,

காகிதம் வந்தது. மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஆமாம், நான்தான் ஏற்றினேன். சரக்கு ஏற்றும் அன்று காலை. அலுவலகத் தலைவர் பாக் லுதுர்மாஸ் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பைப் படித்தேன். 'பாலிக் இப்போது பட்டியலை முழுமையாகப் பாலிக் செய்யும்' என்று நீ எழுதியிருந்தாய். முழுமையாகத் திரும்பி வரும் என்று நான் படித்துக்கொண்டேன். முழுமையாகத் திருப்பிப் போடும் என்று நீ எழுதியிருக்கிறாய். சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். உன் கை பட்டதை நான் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. அது நம்பிக்கையா சோம்பலா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஜூலையில் பாக் லுதுர்மாஸ் கேட்டபோது, நிரலில் நான் எதுவும் தொடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நான்கு நாள் கழித்து இரண்டு தடவை அச்சடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. பொய் எழுதிக் கொடுத்தவனுக்கு யார் புதுப்பிப்பார்கள்? ஐம்பதை நெருங்குகிறேன், நிங். இந்த வயதில் மறுபடி எங்கே போய் நிற்பேன்?

யோசிக்கிறேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

தோகார்


சலத்திகா
14 செப்டம்பர் 2024

பாங்,

இது பத்தொன்பதுக்குள் வந்து சேராது என்று தபால்காரரே சொல்லிவிட்டார். அதனால் உங்களை வற்புறுத்துவதற்காக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

நேற்று கல்விக் குழுவின் முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மழுப்பியிருப்பேன். பிறகு தலைவர், "ஒரு வருஷம் தள்ளி வைப்போம் மேடம்" என்றார். வெளியே வந்து சூடாக ஒரு கிண்ணம் இஞ்சிக் கஷாயம் குடித்தேன். துக்கமாக இருந்தது. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

பாலிக்கின் இரண்டாம் பாதியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். நீங்கள் எழுதியது ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே இருந்தது. வெட்டினேனே தவிர அழிக்கவில்லை. திருப்பிப் போடுவதற்குத் தனியாக வேறு பெயர் வைத்திருக்கிறேன். பாலிக் என்றால் இனி திரும்பி வருவது மட்டும்தான்.

நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெனிங்


சௌம்லாகி
23 செப்டம்பர் 2024

நிங்,

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. விசாரணை அதற்கு முந்தைய நாளே முடிந்துவிட்டது.

ஓனா அம்மா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்துச் சரக்குச் சீட்டுகளின் அடிக்கட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தன் எண் ஒருநாளும் தவறியதில்லை என்று காட்டுவதற்காக. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். யாரும் பார்க்கவில்லை. பாக் லுதுர்மாஸ் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். ஓனா அம்மா அடுக்கிக்கொண்டே போவதை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்துபோய் பாக் லுதுர்மாஸின் பேனாவையே வாங்கி, உன் காகிதத்தில் இருந்த வில்லையின் மேல் கையெழுத்துப் போட்டேன். ஜூலையில் எழுதிக் கொடுத்தது பொய் என்று வாயாலும் சொன்னேன்.

ஓனா அம்மாவை மறுபடி வேலையில் சேர்த்துவிட்டார்கள், நிறுத்தி வைத்த நாட்களின் சம்பளத்தோடு. எனக்கு வேலை மாதக் கடைசிவரைதான். ஓனா அம்மா நன்றி சொல்வார் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. வராந்தாவில் என்னை நிறுத்தி, "ரெண்டு மாசமா வாயில என்ன வெச்சிருந்தே, கொழுக்கட்டையா?" என்றார். அடிக்கட்டைப் பையை என் கையில் கொடுத்து, பேருந்து நிறுத்தம்வரை தூக்கிவரச் சொன்னார். தூக்கிக்கொண்டு போனேன்.

நாளை மறுநாள் கப்பல் புறப்படுகிறது. விமானத்தில் வந்தால் இரண்டு நாளில் உன் ஊர். ஆனால் நான் கப்பலில் ஏறுகிறேன். யோசினா போன வாரம் நுஸ்வேலாவுக்கே போய்விட்டார். இந்தத் தடவை ஐந்தாம் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். திட்டுவார். திட்டட்டும். கடைசித் தீவுவரை போகாமல் அந்தக் கப்பல் திரும்புவதில்லை.

நுஸ்வேலா போய்த் திரும்ப ஏழு நாள். பிறகு அம்போன், சுராபாயா, பேருந்து. அக்டோபர் பத்தாம் தேதி வாக்கில் சலத்திகா.

வாசல் பூந்தொட்டிக்கு அடியில் சாவி இன்னும் இருக்கிறதா? எடுத்திருந்தால் அதையும் எழுதிவிடு, சுராபாயாவில் என் தம்பி வீட்டு விலாசத்துக்கு. 'உன் இஷ்டம்' என்று இந்தத் தடவை எழுதமாட்டேன். எனக்கு வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், நிங்.

தோகார்